அசல் என்றொரு புனைவு: ஒரு பிளிமத் காரும் புதுச்சேரி நகரமும்

1

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு விதியை வெளியிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய கார்களும் இருசக்கர வண்டிகளும் இனி 'விண்டேஜ்' என்கிற தனி வகை. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. நம்பர் பலகையில் 'விஏ' என்று இரண்டு எழுத்து. ஒரே ஒரு நிபந்தனை: வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்கவேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

அடுத்த மாதமே, ஆகஸ்ட் 13-ஆம் தேதி, இன்னொரு கொள்கை அறிவிக்கப்பட்டது. தகுதிச் சோதனையில் தேறாத பழைய வண்டிகளை உடைத்து இரும்பாக்குவதற்கான கொள்கை. அதையொட்டி, 2022 ஏப்ரலில் பதினைந்து வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. ஆட்டோவுக்கு 600-லிருந்து 2,500. பைக்குக்கு 300-லிருந்து 1,000.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐம்பது வயதானால் பாரம்பரியம், பதினைந்து வயதானால் பழைய இரும்பு. இடையில் இருக்கும் முப்பத்தைந்து வருஷத்தை ஒரு வண்டி எப்படிக் கடப்பது? யாராவது ஒருவர் அதை ஓட்டாமல் மூடிவைத்திருக்க வேண்டும், அதற்கு இடம் வேண்டும், காசு வேண்டும். அல்லது யாராவது ஒருவர் அதை ஓட்டி ஓட்டி, உடைய உடையக் கிடைத்ததைப் போட்டு, உயிரோடு வைத்திருக்க வேண்டும். முதல்வகைக் காருக்கு அரசாங்கம் மாலை போடுகிறது. இரண்டாவது வகைக் கார் 'அசல்' இல்லை என்று வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. காயலான் கடைதான் அதற்கு.

பழமைக்கு மரியாதை என்ற பெயரில் இங்கே நடப்பது உழைப்பை அழித்தெழுதும் வேலை என்பதுதான் என் வாதம். அதைச் சொல்ல எனக்கு ஒரு அமெரிக்கக் காரும், நான் பிறந்த இந்த ஊரும் தேவைப்படுகின்றன.

2

'அசல்' என்ற சொல்லாடல் எங்கே முற்றிப் பழுத்தது என்று பார்த்தால் அமெரிக்காவின் 'மஸில் கார்' வட்டாரங்களுக்குத்தான் போகவேண்டும். தசை முறுக்கேறிய கார். பெயரிலேயே உடல் இருக்கிறது, ஆண் உடல். 1964-இல் ஜெனரல் மோட்டார்ஸின் போன்டியாக் பிரிவு நடுத்தர அளவுக் கார் ஒன்றில் பெரிய காருக்கான 389 கனஅங்குல எஞ்சினை, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் எஞ்சினைத் தூக்கிவைத்து 'ஜிடிஓ' என்று விற்றது. நடுத்தரக் காரில் இவ்வளவு பெரிய எஞ்சின் வைக்கக்கூடாது என்று அந்தக் கம்பெனியிலேயே விதி இருந்தது. 'கூடுதல் வசதி' என்று பெயர் போட்டு அதைத் தாண்டினார்கள். அதே வருஷம் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. பிளிமத் பாராகுடாவும் அதே வருஷம்தான். டாட்ஜ் சார்ஜர், சாலஞ்சர் எல்லாம் பின்னால் வந்தன. கிரைஸ்லரின் 'ஹெமி' எஞ்சின் ஏழு லிட்டர், 425 குதிரைசக்தி. நம்ம அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்தது ஒன்றரை லிட்டர்.

பத்து வருஷம்கூட அது நீடிக்கவில்லை. 1970-இன் தூய காற்றுச் சட்டம், இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்றிய கட்டணம், 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை மூன்றும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. அதற்குப் பிறகுதான் அது 'கிளாசிக்' ஆயிற்று. இளமையில் அதை வாங்கமுடியாதவர்கள் வயதான பிறகு வாங்கினார்கள். 1971-ஆம் வருஷத்து ஹெமி பாராகுடா திறந்த கார் ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அந்த ஏலத்தின் விலையைத் தீர்மானிப்பது 'எண்கள் பொருந்துதல்'. காரின் அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள் எஞ்சின் கட்டையிலும் அடிக்கப்பட்டிருக்கும். அவை ஒத்துப்போனால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. இன்னும் ஒரு படி மேலே போகிறவர்கள் உண்டு. தொழிற்சாலையில் பரிசோதனை முடிந்ததற்கு அடையாளமாகத் தொழிலாளி கிரயானில் கிறுக்கிய கோடு, அச்சின்மேல் தீற்றிய மஞ்சள் பெயின்ட், அவசரத்தில் வழிந்த பெயின்ட்டின் சொட்டு எல்லாவற்றையும் பழைய புகைப்படங்களைப் பார்த்து அதே இடத்தில் திரும்பவும் தீற்றுகிறார்கள். வழிந்த பெயின்ட்டை வழிந்த மாதிரியே செய்ய ஒரு நிபுணர்!

அந்தக் கிறுக்கலைப் போட்ட கை யாருடையது?

1970-ஆம் வருஷத்து சாலஞ்சரும் பாராகுடாவும் தயாரான முக்கியமான இடம் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில் இருந்த 'டாட்ஜ் மெயின்' தொழிற்சாலை. 1968 மே 2-ஆம் தேதி அங்கே வரிசையின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்து, சங்கத்தின் அனுமதி இல்லாமலே சுமார் நாலாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்துதான் நிறுத்தினார்கள். தண்டனை மட்டும் பெரும்பாலும் கறுப்பருக்கு. ஜெனரல் பேக்கர் போன்றவர்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து பிறந்தது 'டிரம்' என்கிற டாட்ஜ் புரட்சித் தொழிற்சங்க இயக்கம். அடுத்த வருஷம் பிற தொழிற்சாலைக் குழுக்களோடு சேர்ந்து அது புரட்சிகரக் கறுப்புத் தொழிலாளர் கூட்டமைப்பு ஆனது. கம்பெனி 'ஆட்டோமேஷன்' என்று சொன்னதைத் தொழிலாளர்கள் வேறு பெயரால் அழைத்தார்கள். முன்பு பலபேர் செய்த வேலையை ஒரு கறுப்பன் தலையில் கட்டுவது என்று அதற்கு அர்த்தம்.

கிரைஸ்லர் கார்களுக்கு அச்சுகள் செய்த எல்டன் அவென்யூ ஆலையில் 1970 மே மாதம் கேரி தாம்ப்சன் என்ற தொழிலாளி பழுதான சரக்கு வண்டியின் அடியில் நசுங்கி இறந்தார். வியட்நாம் போருக்குப் போய் உயிரோடு திரும்பியவர் அவர். இரண்டு மாதத்தில் அதே ஆலையில் ஜேம்ஸ் ஜான்சன் என்ற தொழிலாளி துப்பாக்கியோடு வந்து மூன்று பேரைக் கொன்றார். வழக்கறிஞர் கென் காக்ரெல் ஜூரிகளை அந்த ஆலைக்குள்ளேயே அழைத்துப்போய்க் காட்டச் செய்தார். மனநிலை பிறழ்ந்தவர் என்று தீர்ப்பானது. பிறழவைத்தது எது என்பதை ஜூரிகள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

டாட்ஜ் மெயின் 1980-இல் மூடப்பட்டது, இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் புது ஆலை கட்ட, ஒட்டியிருந்த 'போல்டவுன்' குடியிருப்பிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் 1981-இல் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஆக ஆலை இல்லை, குடியிருப்பு இல்லை, செத்தவர்கள் இல்லை. கிரயான் கோடு மட்டும் மீட்டெடுக்கப்படுகிறது. எந்திரத்தனமாய்ப் பிரதியெடுக்கக்கூடிய காலத்தில் கலைப்பொருளைச் சுற்றியிருந்த ஒளிவட்டம் மங்கும் என்று 1930களில் வால்டர் பெஞ்சமின் எழுதினார். இங்கே தலைகீழ். நிமிஷக் கணக்கில் வரிசையில் இறங்கிய ஆயிரக்கணக்கான பிரதிகளில் ஒன்றுக்கு ஒளிவட்டம் கட்டுகிறார்கள், அதைச் செய்த கையை வெட்டிவிட்டு.

3

இந்த மஸில் கார் நம் பக்கம் வரவில்லை. வராததற்கும் வரலாறு உண்டு.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டிகள் விற்றது. ஃபோர்டும் வந்தது, சென்னையிலும் அதற்கு வேலை நடந்தது. விடுதலைக்குப் பின், 1953-இல், இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று அரசாங்கம் சொன்னது. இரண்டு கம்பெனிகளும் போய்விட்டன. மிச்சம் அமெரிக்க வாடை என்றால் வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டுப் பம்பாய் குர்லாவில் பூட்டிய டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ. அவையும் மெல்ல நின்று, ஃபியட் தங்கியது. அமெரிக்காவில் காருக்குத் தசை முளைத்த அந்தப் பத்து வருஷம், இங்கே கார் வாங்கப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலம். இறக்குமதிக் கதவும் சாத்தியே இருந்தது. 1950-க்கு முன் செய்த வண்டிகளைத்தான் லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவரலாம் என்பது நெடுநாள் விதி. ஐம்பது வயதான எதையும் கொண்டுவரலாம் என்று அது தளர்ந்தது 2025 பிப்ரவரியில்தான். அறுபதுகளின் மஸ்டாங் இனி வரும். கூடவே 'அசல்' என்கிற மதமும் வரும். இந்தக் கட்டுரைக்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர்களில் காருக்கு 'பிளசர்' என்று பெயர். பஸ், லாரி, பிளசர். சம்பாதிக்கிற வண்டி அல்ல, சுகத்துக்கான வண்டி. ஆனால் எதார்த்தத்தில் பிளசர்கள் சீக்கிரமே சம்பாதிக்கிற வண்டிகளாகிவிட்டன. முதலாளி கைகழுவிய டாட்ஜும் பிளிமத்தும் வாடகைக்கு ஓடின. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் குடிக்கிற பெட்ரோலுக்கு வாடகை கட்டாது. அதனால் அதைக் கழற்றிவிட்டு பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். சென்னையில் சிம்சன் கம்பெனி ஐம்பதுகளிலிருந்தே பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் செய்துவந்தது. பணக்காரனின் அமெரிக்கக் கார் ஏழைகளின் கல்யாண வண்டியானது அந்த எஞ்சினால்தான்.

புதுச்சேரியில் இன்னொரு அடுக்கு உண்டு. பாரதி இங்கே இருந்த காலத்தில் தெருவில் ஓடியது புஷ் வண்டி. உட்கார்ந்திருப்பவர் முன்னால் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார். பின்னாலிருந்து ஆள் தள்ளுவான். திசை துரையுடையது, விசை கூலிக்காரனுடையது! காலனி ஆட்சிக்கு இதைவிடத் தெளிவான படம் தேவையில்லை.

எல்லை என்பது இந்த ஊரில் எப்போதும் ஒரு வியாபாரம். பிரிட்டிஷ் இந்தியாவோடு 1941-இல் செய்துகொண்ட சுங்க ஒன்றியம் 1949-இல் முறிந்தது. அதன்பின் 1954 நவம்பர் 1-ஆம் தேதி அதிகாரம் கைமாறும்வரை வெளிநாட்டுச் சரக்கு இங்கே இறங்கி இரவோடு இரவாக அந்தப் பக்கம் போனது. அறுபது வருஷத்துக்கு மேல் கழித்தும் அதே கதை வேறு உருவில்: 2017-இல் கேரளத்து சினிமாக்காரர்கள் சிலர் வரியைக் குறைக்கத் தங்கள் ஆடம்பரக் கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிந்தார்கள் என்று வழக்குகள் வந்தன. கார் இங்கே வரவேண்டியதில்லை, எண் இங்கே இருந்தால் போதும்.

ஆனால் எண்ணும் பெயரும் மாறுவது எல்லோருக்கும் ஏமாற்று வேலை அல்ல. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. விரும்பும் இந்தியர் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம்; புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளலாம். துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். அதில் தலித்துகள் கணிசம். துறந்தால் துறந்ததுதான், திரும்பப் பெற முடியாது என்பது ஆணையின் ஷரத்து. எங்கள் குடும்பம் அப்படித் துறந்த குடும்பம். பெயரை மாற்றிக்கொண்டதால் பட்டாளத்துக்குப் போக முடிந்தது. இந்தோசீனா வரை போனார்கள். ஊரில் 'சொல்தா' என்றார்கள். 1962-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தபோது சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தார்கள். என் தாய்மாமன் அந்த வழியில்தான் பாரீஸ் புறநகரில் இருக்கிறார்.

4

மாமாவுக்கு ஒரு பிளிமத் கார். ஐம்பதுகளின் தொடக்கத்து வண்டி, அவருடைய அப்பா பழையதாக வாங்கியது. குடும்பம் பிரான்சுக்குப் போனபோது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவரிடமே விட்டுவிட்டுப் போனார்கள். அவர் அதை வாடகைக்கு ஓட்டினார், பெர்க்கின்ஸ் ஏற்றினார், மகனையும் அதே வண்டியில் தொழில் பழக்கினார். அந்த மகன் இப்போது பட்டறை வைத்திருக்கிறார், வயது அறுபதைத் தாண்டியாயிற்று. வண்டி அவர் பட்டறையின் பின்பக்கம் தகரக்கூரையின் கீழ் நின்றது. மாமா அதைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கி, மீட்டெடுக்க முடிவு செய்தார், அங்கிருந்தபடியே.

அயல்நாட்டில் இருந்துகொண்டு இங்கே ஒரு காரை மீட்டெடுப்பது எப்படி என்பதை மூன்று வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பட்டறைக்காரர் போனில் படம் எடுத்து அனுப்புவார். மாமா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அமெரிக்க விற்பனைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, கதவு கைப்பிடி தப்பு என்பார். அமெரிக்காவிலிருந்து கேஸ்கெட், பாயின்ட் செட், ஆறு வோல்ட் பல்புகள் எல்லாம் அவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர் பெட்டியில் புடவைக்கு நடுவே வந்துசேரும். ரப்பர் பீடிங் ஒருமுறை அத்தையின் கைப்பையில் வந்தது. காசு அங்கே, கை இங்கே, சாமான் வேறெங்கோ. புஷ் வண்டியின் கைப்பிடி கொஞ்சம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சண்டை எஞ்சினில் வந்தது. மாமா பிரெஞ்சில் 'தொரிழின்' என்பார், அசலானது. "மாப்ள, அப்பா வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வேணும். பெட்ரோல் எஞ்சின், பச்சை கலர். அந்த டீசல் சனியனைத் தூக்கிடச் சொல்லு. அது இருந்தா விண்டேஜ் நம்பரும் தரமாட்டான்."

நான் பட்டறையில் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

"தம்பி, அந்தப் பெட்ரோல் எஞ்சின் கட்டை வெடிச்சு காயலான் கடைக்குப் போயி நாப்பது வருசத்துக்கு மேல ஆவுது. இப்ப வேற ஏதோ டாட்ஜ்ல இருந்து ஒண்ணு கழட்டிப் போடணும். அதுவும் இந்த வண்டியோடது இல்ல. இந்த வண்டியில அதிக நாள் இருந்தது பெர்க்கின்ஸ்தான். எது ஒரிஜினலு?"

"மாமா அப்பா வாங்குனப்ப இருந்ததைச் சொல்றாரு அண்ணே."

"அவங்கப்பா பத்து வருசம் ஓட்டுனாரு. எங்கப்பா முப்பது வருசம் ஓட்டுனாரு. பிரசவத்துக்கு எத்தினி பேரு, பொணம் எத்தினி, கல்யாணம் எத்தினி. அதெல்லாம் டீசல்லதான் ஓடுச்சு."

இதில் இருக்கிற கேள்வி தத்துவக் கேள்வி இல்லை, சொத்துக் கேள்வி. ஒரு பொருளின் வாழ்வில் எந்தத் தேதியை 'அசல்' என்று வைப்பது என்பதை யார் தீர்மானிப்பது? வாங்கியவரின் தேதியா, பழுதுபார்த்தவரின் தேதியா? சட்டம் வாங்கியவர் பக்கம் நிற்கிறது. விண்டேஜ் விதியின்படி ஓட்டுநரின் முப்பது வருஷம் ஒரு 'மாற்றம்', நீக்கப்படவேண்டிய அழுக்கு.

மாமாவிடம் இதைச் சொன்னேன். இன்னொன்றையும் சொன்னேன்: "மாமா, அசலுக்குத் திரும்பணும்னா நாம எங்க திரும்பணும்? பேரை மாத்தினதுக்கு முன்னாலயா?" போனில் கொஞ்சநேரம் சத்தமில்லை. அவருடைய தாத்தாவின் தகப்பனார் தன் 'அசல்' பெயரை, 'அசல்' சட்டத்தை, சேரியின் 'அசல்' இடத்தைத் துறந்து, திரும்பப் பெறமுடியாதபடி கையெழுத்துப் போட்டவர். அந்த எஞ்சின் மாற்றம் இல்லாவிட்டால் எங்களில் யாரும் பாரீஸ் வரை ஓடியிருக்க மாட்டோம். அசல், கலப்பு, தூய்மை, தீட்டு என்ற சொற்கள் இந்த மண்ணில் கார் விஷயத்தில் பிறந்தவை அல்ல. அவை எங்கிருந்து வந்து காரில் ஏறிக்கொண்டன என்பது நமக்குத் தெரியாததா?

5

உலகத்தில் பழைய கார்கள் உயிரோடு இருப்பது அருங்காட்சியகத்தால் அல்ல, தடைகளால். கியூபப் புரட்சிக்குப் பின் அமெரிக்கா விதித்த வணிகத் தடையால் ஹவானாவில் ஐம்பதுகளின் செவர்லேக்களும் பியூக்குகளும் அப்படியே நின்றன. அவை ஓடிக்கொண்டிருப்பது சோவியத் வண்டிகளின் எஞ்சினாலும் லேத்தில் உருட்டிய பாகங்களாலும். சுற்றுலாப் பயணி வெளியே நின்று படம் எடுக்கும் அமெரிக்காவுக்கு உள்ளே பெரும்பாலும் வேறு நாடு ஓடுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானது யாழ்ப்பாணம். 1990-இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறங்கியபோது பெட்ரோல் நின்றது. ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோலை விட்டுக் கிளப்புவது, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எஞ்சின் கரி பிடிக்கும், புகை கண்ணை எரிக்கும், ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வார். நவீனமான எந்தக் காரும் செய்யமுடியாததை அந்தக் கிழட்டு வண்டிகள் செய்தன. அந்த ஒஸ்ரினை இன்று ஒருவர் 'அசல்' நிலைக்கு மீட்டெடுத்தால், 1950-இன் இங்கிலாந்து மீட்கப்படும். தடைக்காலத்தின் மூளையும் கையும் துடைக்கப்படும். எது வரலாறு?

பழுதுபார்ப்பு என்பது வரலாறெழுதியலுக்கு வெளியே தள்ளப்பட்ட ஓர் அறிவு. அதற்கு நூலகம் இல்லை, காப்புரிமை இல்லை. மெக்கானிக்கின் காதும் விரலும் அதன் ஆவணக் காப்பகம். கண்டுபிடித்தவன் பெயர் தெரியும், விற்றவன் பெயர் தெரியும், வாங்கியவன் பெயர் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். ஓடவைத்தவன் பெயர் எங்கும் இருப்பதில்லை.

6

காரை விட்டு ஊரைப் பாருங்கள். புதுச்சேரியே ஒரு பெரிய மீட்டெடுப்புப் பட்டறை.

1870-71-இல் கட்டப்பட்ட மேரி கட்டடம், கடற்கரைச் சாலையில் இருந்த நகரமன்றம், வருஷக்கணக்காகக் கவனிப்பாரின்றி, 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் நிதியில் அதே உருவத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். நல்ல வேலை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் 'எண்கள் பொருந்தாத' கட்டடம் அது. எஞ்சின் புதிது, பாடி புதிது. அதை யாரும் அசல் இல்லை என்று தள்ளவில்லை. காருக்கு ஒரு நியாயம், மேரிக்கு ஒரு நியாயம்!

வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்ததை வெள்ளை நகரம், மேற்கே இருந்ததைக் கறுப்பு நகரம் என்றது காலனி ஆட்சி. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் மறக்கவேண்டிய அந்தப் பெயர் இன்று 'வொயிட் டவுன்' என்று விடுதி விளம்பரங்களில் விலையேறி நிற்கிறது. மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, காகிதப்பூ. மீட்டெடுக்கப்பட்ட தேதி எது என்று கவனியுங்கள்: என் கொள்ளுத்தாத்தா அந்த வீடுகளின் முன்வாசல் வழியாக நுழைந்திருக்க முடியாத தேதி.

ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஏஎஃப்டி ஆலை 1898-இல் தொடங்கி 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி மூடப்பட்டது. மற்ற பெரிய மில்களும் அதே வருஷம் மூடின. 1936 ஜூலை 30-ஆம் தேதி மில் தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சி நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-இல் எட்டுமணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் மாலை போடுகிறோம். ஆனால் வில்லாக்களின் ஜன்னல் கொக்கியை அசல்படி வார்த்தெடுக்கிற இந்த ஊரில், மில்லின் தறியோசையை, ஷிப்ட் சங்கை, தொழிலாளர் லைன் வீட்டை அதே அக்கறையோடு மீட்டெடுக்க எவ்வளவு பேர் முன்வந்தார்கள்? டாட்ஜ் மெயினுக்கு நடந்ததுதான் ரோடியருக்கும். பொருள் நினைவுச்சின்னம் ஆகிறது. பொருளைச் செய்த இடம் காலிமனை.

பழையதைக் காப்பாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டறைக்காரர் அந்தப் பிளிமத்தின் மட்கார்டைத் தட்டித் தட்டி நிமிர்த்தியதைப் பார்த்தவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். டிங்கர் வேலைக்கென்று ஒரு காது வேண்டும். தகரம் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தொளதொளத்திருக்கிறது என்பதைச் சத்தத்தில் சொல்லிவிடுவார். பட்டி அப்பி மறைப்பதை அவர் வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை. என் சண்டை மீட்டெடுப்போடு அல்ல, ஒரே தேதிக்கு மீட்டெடுப்பதோடு.

அதனால் சில யோசனைகள். மீட்டெடுக்கப்படும் ஒவ்வொரு வண்டியோடும் ஒரு பழுதுபார்ப்புப் பதிவேடு இருக்கட்டும்: எந்த வருஷம் எது மாற்றப்பட்டது, ஏன், யார் கையால். நல்லவேளையாகப் பழைய ஆர்.சி. புத்தகங்களில் பாதி வேலை நடந்திருக்கிறது. எஞ்சின் மாற்றம், எரிபொருள் மாற்றம், கைமாறிய பெயர்கள் எல்லாம் சீல் வைத்துப் பதிந்திருக்கும். அதை வரலாற்று ஆவணமாக வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விண்டேஜ் விதி திருத்தப்பட வேண்டும். பிழைப்புக்காக எஞ்சின் மாற்றப்பட்டு அந்த மாற்றம் முறைப்படி பதியப்பட்டிருந்தால், மாற்றத்துக்கும் ஐம்பது வயது கணக்கிடலாம். பெர்க்கின்ஸ் ஏறிய பிளிமத்தும் பாரம்பரியம்தான், சொல்லப்போனால் அதுதான் நம் பாரம்பரியம். அருங்காட்சியகங்களில் காருக்குக் கீழே வைக்கிற பலகையில், வைத்திருந்த மகாராஜா, ஜமீன்தார், நடிகர் பெயரோடு ஓட்டுநர் பெயரும் மெக்கானிக் பெயரும் வரட்டும்.

மாமாவின் வண்டியில் டாட்ஜிலிருந்து கழற்றிய பெட்ரோல் எஞ்சின் இப்போது ஏறிவிட்டது. பச்சை பெயின்ட்டும் அடித்தாயிற்று. பெர்க்கின்ஸை எடைக்குப் போடக்கூடாது என்பதில் மட்டும் நான் விடவில்லை; மாமாவும் கடைசியில் ஒத்துக்கொண்டு, ஸ்டாண்ட் அடிக்கப் பணம் அனுப்பினார். அது பட்டறையிலேயே இருக்கிறது. தொழில் பழக வருகிற பையன்கள் அதில்தான் கழற்றிப் பூட்டிப் பார்க்கிறார்கள். அதன் எண்ணையும், முப்பது வருஷம் அதை ஓட்டியவரின் பெயரையும் வண்டியின் கோப்பில் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.